நலம் கேளுங்கள்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆயுள் கணக்கு

அமெரிக்காவில் பிறக்கும் ஒரு கறுப்பினக் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள், வெள்ளையினக் குழந்தையினுடையதைவிட நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மூட்டுவலி பற்றியும் தைராய்டு பற்றியும் எழுதியிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால், கறுப்பின மக்களிடையே அந்த எண் வெள்ளையரைவிடக் குறைவாகவே இருக்கிறது. பிறகு அவர்கள் முன்னதாக இறக்கிறார்கள் என்று தாங்கள் எழுதியது எப்படிச் சரியாகும்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறார். தாங்கள் பார்த்தது செப்பனிடப்படாத மொத்த இறப்பு விகிதம். கேரளத்தில் ஆயிரம் பேருக்கு இறப்போர் எண்ணிக்கை பீகாரைவிட அதிகம் என்பதைத் தாங்களே வகுப்பில் சொல்லியிருக்கக்கூடும். அதனால் பீகார் ஆரோக்கியமான மாநிலம் என்று ஆகிவிடாது; கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். அமெரிக்க வெள்ளையரில் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்களின் பங்கு பெரிது, கறுப்பின மக்கள் தொகையோ இளமையானது. ஆகவே இரு தரப்பிலும் வயதுப் பகிர்வு ஒன்றுபோல இருப்பதாக வைத்துக்கொண்டு விகிதத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் படம் தலைகீழாகிவிடுகிறது. ஐம்பது வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரரோடும், பச்சிளங்குழந்தையைப் பச்சிளங்குழந்தையோடும் ஒப்பிட்டால், முதுமையின் கடைசிப் படி வரை ஏறக்குறைய எல்லா வயதிலும் கறுப்பின மக்களின் இறப்பே கூடுதலாக இருக்கிறது.

2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயுள் எதிர்பார்ப்பு வெள்ளையருக்கு 78.4 ஆண்டுகள், கறுப்பினத்தாருக்கு 74.0. 1900இல் இது முறையே 47.6, 33.0 என்று இருந்தது, 1990இல் 76.1, 69.1. இடைவெளி சுருங்கி வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுருக்கம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கொரோனா காட்டியது. 2019இல் 74.8 ஆக இருந்த கறுப்பினத்தாரின் ஆயுள் 2020இல் 71.5க்கு இறங்கியது. ஒரே ஆண்டில் மூன்றே கால் ஆண்டு ஆயுள் போயிற்று. அதே காலத்தில் வெள்ளையர் இழந்தது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

இதை வேறு விதமாகவும் அளக்கலாம். கறுப்பின மக்கள் வெள்ளையரின் விகிதத்தில் இறந்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்ற கணக்குக்கு ‘மிகை இறப்பு’ என்று பெயர். ரீகன் ஆட்சியில் சுகாதாரத் துறைக்குப் பொறுப்பாக இருந்த மார்கரெட் ஹெக்லர் 1985இல் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 மிகை இறப்புகள் என்று சொன்னது. இருபது ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்து விலகிய டேவிட் சாட்சர், தானும் ஒரு கறுப்பினத்தவர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கறுப்பின மக்களுக்கு மட்டும் அதே கணக்கைப் போட்டபோது எண் 83,570 என்று வந்தது. 1999 முதல் 2020 வரை கூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. அதன்படி மிகை இறப்புகள் 16 லட்சத்து 30 ஆயிரம். வாழாமல் போன ஆண்டுகள் எட்டுக் கோடிக்கும் மேல். இறந்தவர்களில் குழந்தைகள் கணிசம் என்பதால்தான் இரண்டாவது எண் அவ்வளவு பெரிதாகிறது. 2022இல் கூட, ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தவை வெள்ளையரிடையே 4.5, கறுப்பினத்தாரிடையே 10.9.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சமூகத்தையே குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் அந்த இனத்தின் மரபணுவிலேயே இருக்கக்கூடாதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சில நோய்களில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாறுபாடுகள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுகின்றன. அங்கே தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து அவை காப்பளிக்கின்றன. ஆனால் இரண்டு பிரதிகளைப் பெற்றவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையும் அப்படித்தான், மலேரியாவிலிருந்து காத்த ஒரு மாற்றத்தின் மறுபக்கம் அது. அந்தச் சோகையைக் ‘கறுப்பர் நோய்’ என்று அமெரிக்காவில் பலர் எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் அது கண்டறியப்பட்டது. மலேரியா இருந்த இடத்தில் அந்த மாற்றம் நிலைத்தது. தோலின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் மிகை இறப்புகளின் பெரும்பகுதி இதயநோய், பக்கவாதம், புற்றுநோய், நீரிழிவு, கொலை, சிசு மரணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. இத்தனைக்கும் ஒரே இரத்தம் காரணம் என்று சொல்வது கடினம். குழந்தைகளின் பிறப்பு எடையை வைத்து இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இல்லினாய் மாநிலத்தின் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் மூன்று வகைத் தாய்மாரை ஒப்பிட்டனர்: அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர், அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தார், ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத்தார். மரபணு காரணமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவர்களின் குழந்தைகளே மிகவும் எடை குறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அவர்களுடைய குழந்தைகளின் எடை வெள்ளையக் குழந்தைகளின் எடையை ஒட்டியே இருந்தது. அதே வம்சாவளியில் அமெரிக்க மண்ணில் பிறந்து வளர்ந்த பெண்களின் குழந்தைகள்தாம் இளைத்திருந்தன.

தங்கள் கேள்வி புதியதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1896இல் ப்ருடென்ஷியல் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரடெரிக் ஹாஃப்மன், கறுப்பினத்தார் இனக்கூறு காரணமாகவே நோயுற்று அழிந்துபோகிறவர்கள் என்று ஒரு நூலே எழுதி, அவர்களை ஆயுள் காப்பீட்டுக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று நிறுவ முயன்றார். பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்திருந்த கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் அதை மறுத்தார். இறப்பு வேறுபாட்டை விளக்க வாழ்க்கை நிலைமைகளே போதும் என்று 1906இல் அவர் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்த நிலைமைகள் மாறினால் இறப்பும் மாறும் என்பது அவர் கணிப்பு. அழிந்துபோவார்கள் என்று ஹாஃப்மன் ஆரூடம் சொன்ன மக்கள் இன்று நான்கு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் பிரசவ வார்டில் செவிலியர். நன்கு படித்த, வேலையில் இருக்கும், காப்பீடு உள்ள கறுப்பினப் பெண்களுக்கும் பிரசவத்தில் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்கிறாள். வறுமைதான் காரணம் என்றால் இது ஏன்?
(வாசகி, திருச்சி)

பதில்: தங்கள் மகள் கண்டது சரி. அம்மா, இந்தப் பகுதியிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்யும் எண் இதுதான். 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையத் தாய்மாரில் 14.5 பேரும், கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேரும் இறந்தனர். அதைவிட வியப்பானது, 2007 முதல் 2016 வரையிலான பதிவுகளை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கல்வி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையப் பெண்ணின் விகிதத்தைப்போல 1.6 மடங்கு. பணமும் படிப்பும் வெள்ளையப் பெண்ணுக்குத் தரும் காப்பைக் கறுப்பினப் பெண்ணுக்குத் தரவில்லை.

இரண்டு காரணங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, உடலுக்குள் நடப்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லீன் ஜெரோனிமஸ், கறுப்பினத்தாரிடையே பதின்வயதில் பெற்ற தாய்மாரின் குழந்தைகளைவிட இருபதுகளில் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் அதிகம் இறந்ததைக் கவனித்து, 1992இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். வெயிலும் மழையும் பட்டுப் பாறை அரிபடுவதுபோல, ஓயாத அவமதிப்பும் எச்சரிக்கையோடே வாழ வேண்டிய நெருக்கடியும் உடலை முன்கூட்டியே தேய்த்துவிடுகின்றன. முப்பது வயதுப் பெண்ணின் இரத்தக் குழாய்கள் நாற்பதைத் தொட்டதுபோல் ஆகிவிடுகின்றன என்பது அதன் சாரம். கறுப்பினத் தாய்மாரைக் கொல்பவற்றில் முன்னிற்பவை கர்ப்பகால இரத்த அழுத்தமும் இதயத் தசை நோயும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, கட்டிலருகே நடப்பது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியன் மூலம் மகளைப் பெற்றார். மறுநாள் மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் இரத்தக் கட்டி வந்து பிழைத்தவர் என்பதால், இது என்னவென்று அவருக்கே தெரிந்துவிட்டது. செவிலியரிடம் போய், சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வலி மாத்திரையின் மயக்கத்தில் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். பிறகு வந்த மருத்துவர் காலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார், ஒன்றுமில்லை. அதன் பிறகே சிடி எடுத்தார்கள். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. இதை அவரே பின்னர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். உலகமறிந்த ஒரு வீராங்கனை, தன் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லிக் கேட்டும் இவ்வளவு நேரம் ஆயிற்று. பெயர் தெரியாத நோயோடு, ‘என்னமோ செய்கிறது’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்ணின் நிலையைத் தங்கள் மகள் நமக்குச் சொல்ல முடியும்.

பேறுகால இறப்புகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் தடுக்கக்கூடியவை என்று அந்நாட்டு ஆய்வுக் குழுக்களே சொல்கின்றன. கணிசமான இறப்புகள் வீடு திரும்பிய பிறகு, வாரங்களும் மாதங்களும் கழித்து நிகழ்கின்றன. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட், கர்ப்பத்தை முன்னிட்டுச் சேர்ந்தவர்களைப் பிரசவமாகி அறுபது நாட்களில் கைவிட்டுவிடும் என்பதே நெடுங்கால விதியாக இருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் பெரும்பாலான மாநிலங்கள் அதை ஓராண்டாக நீட்டியுள்ளன. மிசிசிப்பி 2023இல்தான் வழிக்கு வந்தது.

கேள்வி: அமெரிக்காவில் நம் இந்தியர்களும் மாநிறம், கறுப்புதான். அவர்கள் வெள்ளையரைவிட நீண்ட நாள் வாழ்கிறார்களாமே?
(வாசகர், சேலம்)

பதில்: ஆம். ஆசிய வம்சாவளியினரின் ஆயுள் எதிர்பார்ப்பு 2023இல் 85.2. ஆனால் 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போனவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர், பொறியாளர், மேற்படிப்பு மாணவர், அவர்களுடைய குடும்பத்தார். சலித்து எடுத்த கூட்டத்தை, சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வது முறையன்று. அந்நாட்டின் பூர்வகுடிகளின் ஆயுள் 70.1 மட்டுமே, கறுப்பினத்தாரைவிடவும் குறைவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தெற்காசியருக்கு மாரடைப்பும் சர்க்கரையும் இளம் வயதிலேயே வருவதை வைத்து ஒரு தனி இதழே எழுதலாம்.

கேள்வி: நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் தவறாகக் காட்டும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
(வாசகி, மதுரை)

பதில்: உண்மை. நமக்கும் நேரடியாகத் தொடர்புள்ள செய்தி என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். அந்தக் கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய இரத்தம் அகச்சிவப்பையும், ஆக்சிஜன் இழந்த இரத்தம் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும். இரண்டின் விகிதத்திலிருந்து கருவி சதவீதத்தைக் கணக்கிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. கருவியை அளவு திருத்தியபோது விரல் நீட்டியவர்கள் பெரும்பாலும் வெளிர்தோலினர் என்பதால், அந்தக் கூடுதல் உறிஞ்சல் கணக்கில் சரியாகச் சேரவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளிடம் நூற்றுக்கு 3.6 அளவீடுகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 அளவீடுகளில். கொரோனாக் காலத்தில் 94 என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நாம் யாரைப் படுக்கையில் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம் என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒருவரின் எண் நேற்றைவிட இன்று இறங்குகிறதா என்பது ஒரு முறை காட்டும் எண்ணைவிட நம்பத்தக்கது. நோயாளி மூச்சிரைத்தால், கருவி 95 என்று சொன்னாலும் நோயாளியை நம்புங்கள்.

கருவியில் இருப்பது அறியாமல் நேர்ந்த பிழை. சிறுநீரகக் கணக்கில் இருந்ததோ தெரிந்தே எழுதிய பெருக்கல். தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் இருக்கும் அளவைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவரானால் விடையை ஏறக்குறைய 1.2ஆல் பெருக்க வேண்டும் என்று 1999 முதல் இருந்தது. கறுப்பினத்தாருக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட நியாயம். விளைவு, ஒரே ஆய்வக முடிவோடு வந்த இருவரில் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக இருக்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர் பெயர் பின்னால் ஏறும். 2021இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. 2023 தொடக்கத்திலிருந்து, அதனால் காத்திருப்புக் காலத்தை இழந்தவர்களுக்கு அந்தக் காலத்தைத் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு ஆணை வந்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் முன்னேறினர். இந்த முழுக் கதையிலும் ஒரு கையெழுத்தில் இவ்வளவு சரிசெய்யப்பட்டது வேறில்லை.

கேள்வி: டஸ்கீகியில் நடந்த கொடுமையால்தான் அம்மக்கள் மருத்துவர்களிடம் போக அஞ்சுகிறார்கள், அதனால்தான் இறப்பு அதிகம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சமவுரிமைச் சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் ஆனபின்பும் இதே நிலையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: டஸ்கீகி பற்றித் தெரியாதவர்களுக்காக: அலபாமாவின் மேகன் கவுன்டியில் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 ஏழைக் கறுப்பின ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய். ‘கெட்ட இரத்தத்துக்கு’ வைத்தியம் என்று சொல்லி, சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று நாற்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பதுகளில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியான பிறகே நிறுத்தினார்கள். 1997இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதனால் அவநம்பிக்கை உண்டானதில் வியப்பில்லை. எனினும், எல்லாவற்றையும் நோயாளியின் அச்சத்தின் மேல் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், மருத்துவமனைதான் சேர்த்துக்கொள்ளவில்லை. 1946இன் ஹில்-பர்ட்டன் சட்டம், கூட்டரசின் பணத்திலேயே இனவாரியாகத் தனித்தனி மருத்துவமனைகள் கட்ட இடம் கொடுத்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர், தம் நோயாளியைச் சேர்க்க மறுத்த மருத்துவமனைகள் மேல் வழக்குத் தொடுத்து 1963இல் வென்றார். மறு ஆண்டு சமவுரிமைச் சட்டம் வந்தது. 1966இல் முதியோர் காப்பீடான மெடிக்கேர் தொடங்கியபோது, வார்டுகளைப் பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரு காசும் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தடுப்புகளை எடுத்தன. உபதேசத்தால் நூறாண்டு அசையாதது பட்டுவாடா நிற்கும் என்றதும் அசைந்தது. மிசிசிப்பியில் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்துகொண்டிருந்த கறுப்பினச் சிசுக்களின் எண்ணிக்கை அதன் பின் வேகமாகச் சரிந்தது. ஒரு சொட்டு நீரேற்றும் குழாயும் ஆன்டிபயாட்டிக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் அதுவரை இருந்துகொண்டேதான் இருந்தன.

சட்டம் வந்த பின்னும் ஏன் என்றால், குடியிருப்பு மாறவில்லை. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தார் வாழும் தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது; அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். கடன் இல்லாத இடத்தில் வீடு பழசாகிறது, பழைய வீட்டின் சுவர்ப்பூச்சில் ஈயம் இருக்கிறது, நெடுஞ்சாலை அந்த வழியாகவே போடப்படுகிறது, மரம் நடப்படுவதில்லை, காய்கறிக் கடை வருவதில்லை. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக உள்ள ஃபிளின்ட் நகரில் 2014இல் செலவை மிச்சம் பிடிக்கக் குடிநீரை ஆற்றுக்கு மாற்றியதில் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது நினைவிருக்கும். இன்றும் மெடிக்கெய்ட் காப்பீட்டை மேலும் பல ஏழைகளுக்கு விரிவாக்க மறுத்துள்ள பத்து மாநிலங்களில் டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகியவை அடக்கம். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் தெற்கு அதுதான்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். எங்காவது இந்த இடைவெளியை மூடிக் காட்டியிருக்கிறார்களா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: காட்டியிருக்கிறார்கள். டெலவேர் என்ற சிறிய மாநிலம் 2002இல் பெருங்குடல் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்ய ஏற்பாடு செய்தது. காப்பீடு இல்லாதவர்களுக்கு மாநிலமே செலவை ஏற்றது. ஆளைத் தேடிப் பேசி, நாள் குறித்து, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை எப்படிக் குடிப்பது என்று சொல்லிக்கொடுத்து, போக்குவரத்தும் பார்த்துக்கொள்ளச் செவிலியர்களை அமர்த்தியது. புற்றுநோய் கண்டால் இரண்டாண்டுச் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. பல திட்டங்கள் கண்டுபிடிப்பதோடு கைகழுவிவிடும். இது அப்படிச் செய்யவில்லை. 2009க்குள் கறுப்பினத்தாரிடையே பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 74 ஆகி வெள்ளையரை எட்டினர். அவர்களிடையே அப்புற்றுநோயால் இறப்பது 42 சதவீதம் குறைந்து, வெள்ளையரின் விகிதத்துக்கு ஏறக்குறையச் சமமாயிற்று. மரபணு ஏழாண்டில் மாறியிருக்க முடியாது.

இதற்கும் முன்னோடி மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் உண்டு. முன்னாள் அடிமைகள் 1887இல் நிறுவிய மவுண்ட் பையூ என்ற சிற்றூரில், 1960களின் பிற்பகுதியில் ஜாக் கைகர் என்ற மருத்துவர் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில் மாணவராகக் கண்ட முறை அது. வந்த குழந்தைகளுக்குப் பசியே நோயாக இருந்தது. மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக்கொடுத்தார்கள். மளிகைக் கடை சீட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுத்து, செலவை நிலையத்தின் மருந்துக் கணக்கில் எழுதியது. மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தபோது, மருத்துவ நூலில் ஊட்டக்குறைவுக்குக் குறித்திருக்கும் மருந்து உணவுதானே என்று கைகர் கேட்டார். பிறகு ஜான் ஹாட்ச் முன்னின்று ஊராரைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை அமைத்தார். கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள். அந்த ஒன்றும் பாஸ்டனில் அவர்கள் தொடங்கிய மற்றொன்றும் இன்று ஏறக்குறைய 1,400 அமைப்புகளாகப் பெருகி மூன்று கோடி பேருக்கு வைத்தியம் பார்க்கின்றன.

கேள்வி: நான் முடிதிருத்தகம் நடத்துகிறேன். அமெரிக்காவில் சலூனிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். வேடிக்கையாக இருந்தது. நிஜமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நிஜம், ஐயா. தங்களுக்கு வேடிக்கையாக இருக்க வேண்டியதில்லை. தங்கள் தொழிலாரை நம் ஊரில் மருத்துவர் என்றும், வீட்டுப் பெண்களை மருத்துவச்சி என்றும் அழைத்தது சும்மா வந்த பெயர் அன்று.

அமெரிக்கக் கறுப்பினத்தாரில் வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஆண்கள் மருத்துவரிடம் போவதில்லை, ஆனால் முடிவெட்டத் தவறாமல் போகிறார்கள். பல ஆண்டுகளாக ஒரே நாற்காலியில், ஒரே கையிடம். லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்டு விக்டர் என்ற இதய மருத்துவர் கறுப்பினத்தார் நடத்தும் 52 முடிதிருத்தகங்களையும், அழுத்தம் எகிறியிருந்த 319 வாடிக்கையாளர்களையும் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார். பாதிக் கடைகளில், மருத்துவரைப் பாருங்கள், உப்பைக் குறையுங்கள் என்று கடைக்காரர் சொல்வதோடு சரி. மீதிக் கடைகளுக்கு ஒரு மருந்தாளுநரே நேரில் வருவார். துணியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் மனிதரின் கையில் பட்டையைச் சுற்றி அளப்பார், அவருடைய மருத்துவரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அம்லோடிபின் போன்ற மாத்திரைகளை எழுதுவார், விரலில் குத்தி உப்புச்சத்தையும் அங்கேயே சோதிப்பார். தொடக்கத்தில் இரு தரப்பிலும் மேல் அழுத்தம் 153, 155 என்று இருந்தது. ஆறு மாதத்தில், பேச்சு மட்டும் கிடைத்தவர்களுக்கு ஒன்பது புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி குறைந்து 126க்கு வந்தது. ஓராண்டு கழித்தும் அது ஏறவில்லை. 2018இல் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு விக்டர் காலமானார்.

அம்லோடிபின் அங்கேயும் மிக மலிவான மாத்திரை. இருந்தும் இது ஏன் எல்லா ஊர்களிலும் வரவில்லை என்று கேட்பீர்கள். மருந்தாளுநரை, சிகிச்சை தந்து கட்டணம் பெறத் தகுதியுள்ளவராக மெடிக்கேர் சட்டம் ஏற்கவில்லை. கடைக்காரர் தயார், வாடிக்கையாளர் தயார், நாற்காலியும் இருக்கிறது. மருந்தாளுநரின் மணிக்கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் இன்னும் தீரவில்லை.